நாற்பது நிமிட நாற்காலி

நான் விற்பது நாற்காலி,
சாப்பாட்டுக் கடைகளுக்கு மட்டும்.
நோவா கோரித்ஸாவில் பட்டறை. பீச் மரம்.
மாதிரிக்கு ஒன்றைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து
ஊர் ஊராகப் போகிறேன்.
எந்த முதலாளியும் விலையை முதலில் கேட்பதில்லை.
"உட்கார்ந்தால் எவ்வளவு நேரத்தில் வலிக்கும்?"

ஆமாம், வலிக்க வேண்டும் அவர்களுக்கு.
லீமாவில் எலுவினா கேட்டது இருபத்தைந்து நிமிடம்.
மத்தியானச் சாப்பாடு ஒரே விலை:
சூப், சோறு, ஊதாச் சோளப் பானம்.
அடுத்த பந்தி வாசல் வெயிலில் நிற்கிறது.
வங்கிக்காரரும் பஸ் கண்டக்டரும் ஒரே மேசையில்,
ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.
முதலில் எழுபவர், இன்னும் மென்றுகொண்டிருப்பவரிடம்
"நல்லபடியாக இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.
எந்த மெனு அட்டையிலும் அதற்கு விலை பார்த்ததில்லை.

கோபன்ஹேகனில் மூன்றரை மணி நேரம்
வலிக்கவே கூடாது.
பதினாறு தட்டு. ஒன்பதாவதில் ஒரு கேரட்.
அது விளைந்த வயல், வயலின் மண், விவசாயியின் நாய்,
எல்லாவற்றையும் பரிமாறுபவர் சொல்லி முடிப்பதற்குள்
கேரட் ஆறிப்போனது.
பின்பக்கம் அடுப்புச் சூட்டில்
தலைமைச் சமையல்காரி டோர்தே
கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவி
நின்றபடி நாலே கடியில் முடித்தாள்.
"இந்தத் தட்டுக்கு என்ன கதை?" என்றேன்.
"பசி" என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு.

அடிஸ் அபாபாவில் விலைபோகவில்லை.
என் நாற்காலி உயரம்.
ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர்;
தணிந்து உட்கார்ந்தால்தான் கை எட்டும்.
இல்லை இல்லை, இதன் முதுகுச் சாய்வு இருக்கிறதே என்று
நான் தொடங்கியபோது செஹாய்
ஒரு கவளத்தைச் சுருட்டி என் வாயில் வைத்தாள்.
அதற்குமேல் வியாபாரம் பேச
வாய் இல்லை.

ஒசாகா ரயில் நிலையத்தில் குராமொச்சி சிரித்தே விட்டார்.
நின்று, உறிஞ்சி, கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்து
ஆறு நிமிடத்தில் அடுத்த ரயில்.
இங்கே நாற்காலியா?
ஆனாலும் ஒன்று வாங்கினார்.
ஷட்டரை இறக்கிய பிறகு
மிஞ்சிய சோற்றில் டீயை ஊற்றி
அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவதாக
டிசம்பரில் ஒரு அட்டை போட்டிருந்தார்.
முழங்கால் பரவாயில்லையாம்.

குத்தாயிசியில் நுக்ஸார் என் மாதிரியை
படிக்கட்டில் உருட்டிவிட்டுப் பார்த்தார்.
"எங்கள் ஆட்கள் உட்கார வருவதில்லை,
எழ வருகிறார்கள்."
கோப்பையை உயர்த்திச் செத்தவர்களுக்கு ஒரு முறை,
பிறக்கப்போகிறவர்களுக்கு ஒரு முறை,
வழி தவறி வந்த என் நாட்டுக்கும் ஒரு முறை;
எண்ணினேன், பதினான்கு தடவை எழுந்தார்கள்.
பின்கால்கள் தாங்கின. அறுபது ஆர்டர்.
கை நனைக்காமல் போகக் கூடாது என்று
வீட்டுக்கு இழுத்துப் போனார்.
சமையலறை பல்ப் வெளிச்சத்தில்
ஆறிய பீன்ஸ், சோள ரொட்டி.
அவர் மனைவி கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
இங்கே யாரும் யாருக்காகவும் எழவில்லை.
"உப்பு" என்றார்.
தள்ளினாள்.
நான் தின்றதில் அதுதான் சுகமான சாப்பாடு.
ஏனென்று அன்று யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை ஊர் திரும்பினேன்.
ஆலென்காவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
நான் சாவியைத் திருப்பும்போது
அவள் பஸ் பாலத்தைத் தாண்டியிருக்கும்.
வீட்டில் என் நாற்காலிகள் ஐந்து:
ஒன்றில் துணி, ஒன்றில் பில்கள், ஒன்றில் பூனை,
மற்ற இரண்டும் கட்டுப் பிரிக்காதவை.
அடுப்பில் புளித்த முட்டைக்கோஸ் சூப்,
பானையின் உள்விளிம்பில் அவள் எடுத்த அளவுக்கு
ஒரு கோடு.
ஜன்னலோரம் நின்று சாப்பிடுவாள்.
நானும் அங்கேதான் நிற்பேன்,
நாலு மணி நேரம் கழித்து.

இன்று பிரிஜ் கதவில் ஒரு சீட்டு:
உப்பு போடவில்லை, போட்டுக்கொள்.
புது நாற்காலி, இடது பின்கால் ஆடுகிறது.

கட்டு பிரிந்து கிடந்தது.

உட்கார்ந்திருக்கிறாள்.
எவ்வளவு நேரமோ.